புனலா, கிணறா?

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் கெமிஸ்டாக வேலை பார்த்தேன். எண்ணெய், மிளகாய்த்தூள், சில சமயம் மாத்திரை. கலப்படம் உண்டா இல்லையா என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் தலைமை கெமிஸ்டுக்கு சின்டர்டு புனல்கள் என்றால் உயிர். கண்ணாடித் தூளைச் சூட்டில் ஒட்டவைத்த வெள்ளைத் தட்டு ஒன்று அந்தப் புனலின் அடியில் இருக்கும். தண்ணீர் அதன் வழியே இறங்கும், கசடு மேலே நின்றுவிடும். யாராவது அதை பிரஷ் போட்டுத் தேய்த்தால் தொலைந்தார்கள். குரோமிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும், பிறகு கவிழ்த்துவைத்து அடிப்பக்கமிருந்து தண்ணீரை இழுத்துக் கழுவ வேண்டும். அந்த அமிலம் தின்னாத அழுக்கு கிடையாது என்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

அக்காவைப் பம்மலில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். தெருவுக்குப் பின்னால் தோல் பதனிடும் கூடங்கள்.

"கெணத்துத் தண்ணி லேசா மஞ்சளா தெரியுதுடி. உன் லேப்ல போட்டுப் பாரேன்" என்று ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாள்.

தோலுக்கு குரோமியம் போடுவார்கள், அது மண்ணில் இறங்கும், குடிநீரில் கலந்தால் விஷம் என்று படித்திருந்தேன். ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் அதுவரை தண்ணீரில் குரோமியம் பார்த்ததில்லை. காகிதத்தில் வடிகட்டினால் காகிதமே குரோமியத்தைக் கொஞ்சம் கெடுத்துவிடும் என்பதால் புனலை எடுத்தேன். வடிகட்டிய நீரில் அமிலமும் அதற்கான மருந்தும் விட்டேன். குரோமியம் இருந்தால் ஊதா நிறம் வரும்.

வந்தது. நல்ல ஊதா.

சாயங்காலம் பஸ் பிடித்துப் போய், அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது என்றேன். அக்காவின் மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா நீ, நான் கண்ணாலம் ஆயி வந்த நாளா இதான் குடிச்சிகினு கீறேன். எனுக்கு இன்னா ஆயிப்போச்சு?"

எனக்கும் வாய் சும்மா இருக்குமா? "உங்க வயித்துல கொழந்தை இல்லியே அத்தை" என்றேன். அக்கா என்னை முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சமையலறையில் யாரும் இல்லாதபோது, "இவ்ளோ நாள் குடிச்சிட்டேனேடி" என்றாள்.

மறுநாள் வேலையே ஓடவில்லை. புனலைக் கழுவி எடுத்தபோது தட்டின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கண்ணில் பட்டது. குரோமிக் அமிலத்தின் மிச்சம். அப்போதுதான் உறைத்தது, அந்த அமிலமே குரோமியம்தானே! குரோமியத்தைத் தேடப்போகிற பாத்திரத்தை குரோமியத்தாலேயே கழுவியிருக்கிறோம்.

தலைமை கெமிஸ்டிடம் சொன்னேன். "நல்லா கழுவினதும்மா. அதுல ஒண்ணும் இருக்காது" என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாதாடாமல், எதுவும் கலக்காத வாலைவடிநீரை அதே புனலில் இறக்கி, அவர் கண்ணெதிரே மருந்தை விட்டேன். ஊதா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "எண்ணெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் இது சரிதாம்மா" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓர் அழுக்குப் புனலை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை.

பம்மலுக்கு ஓடினேன். புனலில்தான் கோளாறு, புதுப் புனலில் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை குடிக்காமல் பொறு என்றேன். மாமியார் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"பாத்தியா, நல்ல கெணத்தைப் போயி கொறை சொன்னியே" என்று எனக்கே அந்தத் தண்ணீரில் காபி போட்டு நீட்டினார். வயிறு சரியில்லை என்று தப்பித்தேன். அக்கா அதைக் கவனித்தாள்.

பாரிமுனையில் கண்ணாடிச் சாமான் விற்கும் கடைக்கு நானே போனேன். ஒவ்வொரு புனலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அந்த வழியாக வடிகட்டாத தண்ணீர் நழுவிவிடும். இன்னொன்றின் தட்டில் விரிசல். கடைக்காரர், "பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்குறியேம்மா" என்று சலித்துக்கொண்டார். தட்டு ஒரே சீராக இருந்த ஒன்றை எடுத்தேன். குரோமிக் அமிலத்தின் பக்கமே அதைக் கொண்டுபோகவில்லை. சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, வாலைவடிநீரை இழுத்து இழுத்து அலசினேன்.

முதலில் வெறும் வாலைவடிநீர். மருந்து விட்டேன். நிறமே இல்லை. பக்கத்தில் நின்ற தலைமை கெமிஸ்ட் "ம்" என்றார். பிறகு கிணற்றுத் தண்ணீர். இந்தத் தடவை மருந்தை அவரே விட்டார். இரண்டு பேரும் சோதனைக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் தடவை அளவுக்கு இல்லை. ஆனால் வந்தது. வேண்டாத தெய்வமில்லை; ஊதா போகவில்லை.

பம்மலில் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"திரும்பவும் கலர் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"இந்த வாட்டியும் உன் புனல்தானே தப்பு? சொல்லுடி, புனல்தானே?"

அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடத்தான் ஆசை.

"இல்லக்கா. புனல் சுத்தம்."