கிழிந்த பாதியில் அய்யா

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் "வேற சோலி இல்லையா" என்று எழுந்து போகிறவள் நான். மம்சாபுரத்தில் எங்கள் தோட்டத்துக்குச் சுடுகாட்டைத் தாண்டித்தான் பாதை, இருட்டிலும் தனியாக நடந்திருக்கிறேன், ஒன்றும் என்னைத் தொட்டதில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களைப் பெற்ற அய்யா ஓர் ஐப்பசி மழையில் செண்பகத்தோப்புக் காட்டுக்கு விறகுக்குப் போனவர், திரும்பவே இல்லை. தம்பி அப்போது தொட்டில் பிள்ளை. எவளோடோ ஓடிப்போய்விட்டார் என்று ஊர் பேசியது, அதைக் கேட்டே வளர்ந்தவன், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அய்யாவுக்கு ஓர் அமாவாசைக்குக்கூட எள்ளுத்தண்ணீர் இறைக்கவில்லை. "ஓடிப்போனவருக்கு எதுக்குக்கா திதி?" என்பான். நான் கண்ணை மூடுவதற்குள் அவன் கையால் அது நடக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ராஜபாளையத்தில் ஒரு வாத்தியார் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு போனேன். பட்டப்பகல். அந்த வருஷத்து ஐப்பசிக் கட்டை வாத்தியார் மேசையில் எடுத்துப் போட்டார்.

"எக்கா, நீ பேப்பர் படிச்சுக் கிழிக்கப் போறியாக்கும்?"

"ஏலே, கண்ணாடிய மறந்துட்டு வந்த பய நீ. செத்த நேரம் வாய மூடிட்டு இரு."

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் ஒரு தாளில் செண்பகத்தோப்பு என்று கண்ணில் பட்டதும், விரலை வைத்துக் கடகடவென்று வாசித்தேன். ஓடையில் வெள்ளம், இரண்டு பிள்ளைகளை இழுத்துக் கரையில் போட்ட விறகுக்காரர், மூன்றாவது பிள்ளைக்காகத் திரும்ப இறங்கியவர் மேலே வரவில்லை, உடல் மட்டும் ஒதுங்கியது, இடது கையில் ஆறு விரல், பெயர் தெரியாததால் அங்கேயே அடக்கம். எங்கள் அய்யாவுக்கு இடது கையில் ஆறு விரல்தான். கடைசி வரியையும் வாசித்தேன்: வீட்டில் தொட்டில் பிள்ளைக்கு வசம்பு வளையல் கொண்டுபோக வேண்டும் என்று கரையில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வாத்தியார் குனிந்து பார்த்தார்.

"என்னத்தம்மா படிச்சீக? தாளே பாதிக்கு மேல இல்லையே!"

தலைப்பும் இரண்டு வரியும்தான் மிச்சம், கீழெல்லாம் கிழிந்து போயிருந்தது. என் விரல் மேசைப் பலகையில் இருந்தது.

தம்பிக்குப் போலீஸ் புத்தி, விடுவானா? வாத்தியாரிடமே வழி கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் வீட்டுப் பரணிலிருந்து அதே நாள் தாளை முழுசாக எடுத்துவிட்டான். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு அவனே படித்தான். வெள்ளம், மூன்றாவது பிள்ளை, ஆறு விரல், அம்புட்டும் நான் வாசித்தது வாசித்தபடி. வசம்பு வளையல் மட்டும் இல்லை. அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலைமுடித் தைல விளம்பரம் இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு அந்த ஓடையிலேயே தம்பி எள்ளுத்தண்ணீர் இறைத்தான். நான் நினைத்ததைச் செய்துவிட்டேன். கரையேறி வந்தவன் ஈரத்துண்டோடு, "அந்த வளையல் சேதிய இன்னொரு தரம் சொல்லுக்கா," என்றான். சொன்னேன்.

அய்யா விறகுக்குக் கிளம்பிய அன்று நான் சுந்தரபாண்டியத்தில் அம்மாச்சி வீட்டில் இருந்தேன். வசம்பு வளையல் என்ற பேச்சை ஆத்தாளும் ஒருநாள்கூட என்னிடம் எடுத்ததில்லை.