ஆட்டத்துக்கு முன்னால் வைத்த ஐஸ்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால், இன்றும் என் வலது தோள் ஒரு கனத்துக்குக் காத்திருக்கிறது. என் வீட்டுக்காரருடைய குதிகாலின் கனம் அது.

அவர் மில்லில் ஃபிட்டர். ஞாயிறானால் மில் டீமில் ஃபுட்பால் ஆடுவார். நான் சொல்வது தொண்ணூறுகளில். அப்போதே அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கூட ஆடியவர்கள் எல்லாம் கல்யாணம் ஆகாதவர்கள்.

ஆடிய மறுநாள் அவர் படி இறங்கப் படும் பாட்டைப் பார்த்து, டீமின் கோச்சு இரண்டு காரியம் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, ஆடிவிட்டு வந்ததும் தொடையில் ஐஸ் வைப்பது. இன்னொன்று, மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கி, இன்னொரு ஆள் பிடித்துத் தள்ளப் பின்தொடைச் சதையை நீட்டுவது. டீம் ஆட்களிடம் காலைக் கொடுக்க அவருக்குக் கூச்சம்.

"கெழவனுக்கு நட்டு போல்ட்டு கழண்டுபோச்சுன்னு சிரிப்பானுங்க" என்றார்.

அதனால் அந்த இன்னொரு ஆள் நானானேன். கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரிப்பேன். அவர் குதிகாலைத் தோளில் வாங்கிக்கொண்டு மெல்ல முன்னால் சாய்வேன். "மூச்சை உடுங்க" என்பேன். மூச்சு விட்டதும் கால் தானாக இன்னும் கொஞ்சம் வரும். பிறகு ஐஸ் கட்டியை உடைத்துத் துண்டில் சுற்றித் தொடையில் வைப்பேன். நாலு பேர் பார்க்க என் பக்கத்தில்கூட உட்காராத மனுசன் அவர்.

இரண்டே மாதத்தில், ஞாயிறு ஆடிய காலோடு செவ்வாய்க்கிழமையே மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டார். நான் மூன்றாம் கிளாஸ் தாண்டாதவள். ஆனாலும் அந்தக் காலைத் தேற்றியது நான்தான் என்று மில் லைன் வீட்டுப் பெண்களிடம் சொல்லாத நாள் கிடையாது.

அந்த வருஷம் மதுக்கரை டீமோடு ஃபைனல். வயசானவர்களை இனி எடுப்பதில்லை என்று பேச்சு அடிபட்டது. அன்றைக்கு நன்றாக ஆடினால்தான் அவருக்கு அடுத்த வருஷம் இடம்.

ஆடிய பிறகு வைத்தே இத்தனை சுகம் என்றால், ஆடுவதற்கு முன்னால் வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மத்தியானம் நானே போய் ஐஸ் வாங்கி வந்தேன். வழக்கத்தைவிட நெடுநேரம் காலை இழுத்துப் பிடித்தேன். அப்புறம் இரண்டு தொடையிலும் ஐஸ், கரைந்து பாய் நனைகிற மட்டும்.

"அம்மணி, காலு இருக்கறதே தெரியல."

"நோவு தெரியாம இருந்தா நல்லதுதானுங்க. பேசாம படுங்க."

விசில் ஊதுகிற நேரத்துக்குத்தான் மைதானம் போய்ச் சேர்ந்தோம். முதல் பந்து அவருக்கு நேராக வந்தது. அவர் ஓடினார், ஆனால் கால் மரமாட்டம் பின்தங்கியது. அடுத்த பந்தும் அப்படியே தாண்டிப் போனது.

"ஏனுங்ணா, பஸ்ஸுக்கு நிக்கறீங்களா?" என்று ஒருவன் கேட்க, மைதானமே சிரித்தது.

கால் மணி நேரத்தில் கோச்சு அவரை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். நான் எழுந்து கிட்டே போனபோது கோச்சு அவர் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க இப்புடிச் சில்லுனு இருக்குது? ஐஸ் வெச்சீங்களா? அது ஆடுன பொறவுதானுங்க. முன்னால ஓடி ஓடிக் காலைச் சூடு பண்ணோணும்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பச்சத்தண்ணி ஊத்திக் கழுவுனேனுங்க. அது ஒண்ணுமில்ல, வயசாயிப்போச்சு" என்றார்.

வயசு என்ற பேச்சை அதற்கு முன் அவர் வாயால் நான் கேட்டதில்லை.

அதோடு ஆட்டம் நின்றது. ஆட்டம் இல்லாத காலை எதற்கு நீட்ட? ஞாயிறு சாயங்காலம் பாய் சுருட்டியபடியே சுவரோரம் நின்றது. "காலைக் குடுங்க" என்று நான் கேட்டிருக்கலாம். கெடுத்தது நான்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். தப்பை ஒத்துக்கொள்ளும் வழக்கம் எனக்குக் கிடையாது. அவரும் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டாவது பேசியிருப்பேன்.

வருஷங்கள் கழித்து அவர் படுக்கையில் விழுந்தார். கால் விறைத்துப்போகாமல் இருக்கத் தினமும் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸ் காட்டித்தர வந்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க. தள்ளிக்குங்க" என்றேன்.

குதிகால் தோளுக்கு வந்தது. பழைய கனத்தில் பாதிகூட இல்லை. நர்ஸ் போன பிறகு, "அன்னிக்கு நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தெரியும். இன்னிக்கு ஐஸ் மட்டும் வேண்டாம் அம்மணி."