ஐந்து தொடர்ச்சி இல்லாத தாள்

1. பீடாதிபதியின் அறை

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் கல்வியியற் கல்லூரியின் தலைவியான பீடாதிபதி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய மேசையில் ஒரு பயிலுனரின் பயிற்சிக் கோப்பு திறந்து கிடந்தது. அதில் சிவப்பு மையில் இரண்டு சொற்கள்: "போலித் தரவு". கையெழுத்து என்னுடையது.

"சேர், இத நீங்கள்தானே எழுதினது?"

"ஓம் மேடம்."

"பிள்ளை ஒத்துக்கொள்ளேல்ல. திருப்பிச் செய்யவும் மாட்டனெண்டு நிக்குது. வியாழக்கிழமை விசாரணை வைக்க வேணும். பொய்த் தரவு எண்டு முடிவானா சான்றிதழ் நிப்பாட்டுவினம். இந்த முறை நியமனப் பட்டியல்ல பேர் வராது. விளங்குதா உங்களுக்கு?"

விளங்கியது. ஒரு நாணயத்தைச் சுண்டிய கதை இவ்வளவு தூரம் வரும் என்றுதான் நான் நினைத்திருக்கவில்லை. "நீங்கள் பிழையா எழுதியிருக்க மாட்டீங்கள்தானே?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அந்த நேரம் அதை நம்பித்தான் சொன்னேன்.

2. என் வித்தை

வருங்காலக் கணித ஆசிரியர்களுக்குக் கடைசி வருடத்தில் புள்ளிவிபரவியலும் நிகழ்தகவும் படிப்பிப்பது என் பங்கு. பாடசாலைகளில் நிகழ்தகவு என்பது தவணையின் கடைசிக் கிழமைக்குத் தள்ளப்படும் பாடம். விளையாட்டுப் போட்டி வந்தால் அதுவும் போய்விடும். ஆகவே என்னிடம் வரும் பயிலுனர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் சரியாகப் படித்தே இருக்க மாட்டார்கள். அவர்களை முதல் கிழமையே பாடத்துக்குள் இழுப்பதற்கு என்னிடம் ஒரு வித்தை இருந்தது.

வேலை லேசானது. வீட்டில் ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் 'த', பூ விழுந்தால் 'பூ' என்று வரிசையாக எழுதிவர வேண்டும். நூறு தடவை சுண்டுவது சலிப்புப் பிடித்த வேலை. சிலர் சுண்டாமலே மனதில் வந்தபடி எழுதிக்கொண்டு வருவார்கள். நான் வகுப்பின் முன்னால் நின்று தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டி, சிலவற்றை ஒதுக்கி வைத்து, பெயரைக் கூப்பிடுவேன். "நீங்கள் சுண்டேல்ல. எழும்புங்கோ."

எழும்புவார்கள். தலையைச் சொறிவார்கள். வகுப்பே கைதட்டிச் சிரிக்கும். "எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கள் சேர்?" என்பார்கள். பிறகுதான் விளக்கம். பொய்யாக எழுதுகிறவர் மூன்று தலைக்குப் பிறகு பயந்து பூவுக்குத் தாவிவிடுவார். நாணயத்துக்கு அந்தப் பயம் கிடையாது. உண்மையில் சுண்டினால் நூறுக்குள் எங்காவது ஒரே பக்கம் ஐந்து தரம் தொடர்ந்து விழும். ஐந்து தொடர்ச்சி இல்லாத தாள் பொய்த் தாள். இதுதான் என் விதி.

பிடிபட்டவர்களுக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. திருப்பிச் சுண்டி வேறு தாள் தந்தால் போதும். இருபது வருடத்தில் பெயர் கூப்பிட்டு எழும்பாதவர் ஒருவர்கூட இல்லை. விதி பிழைக்காது என்பதற்கு எனக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

அந்த வருடம் புதிய மதிப்பீட்டு முறை வந்தது. பயிற்சித் தாள்கள் எல்லாம் கோப்பில் சேர வேண்டும், புள்ளியும் உண்டு என்றார்கள். நான் என் வித்தையையும் கோப்பில் சேர்த்துவிட்டேன்.

வகுப்பில் முப்பத்தைந்து பேர். ஏழு பெயரைக் கூப்பிட்டேன். ஆறு பேர் எழும்பினார்கள். ஏழாவது பெயர் றிஸ்னா. கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

"நான் சுண்டித்தான் எழுதின சேர்."

"நூறு தரமும்?"

"நூறு தரமும். வீட்ட, பாயில இருந்து. நான் சுண்டச் சுண்டத் தங்கச்சி எழுதின."

"அப்ப தங்கச்சிதான் பொய் எழுதியிருக்கிறா போல."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்க நான் விரும்பவில்லை.

"சரி, திருப்பிச் சுண்டிக்கொண்டு வாங்கோ. பிரச்சினை முடிஞ்சுது."

"திருப்பிச் சுண்டினா முதல் தாள் பொய் எண்டுதானே ஆகும். நான் மாட்டன் சேர்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் அந்த இரண்டு சொற்கள்.

3. இருபது வருடம் போடாத கணக்கு

பீடாதிபதியின் அறையிலிருந்து வந்து விரிவுரையாளர் அறையில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. மதிலோரம், ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு, யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டிருந்தன. விசாரணையில் ஆதாரம் கேட்பார்கள். விதியைச் சொல்லலாம். "எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டால்? அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த விதிக்கு நான் ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. எப்போதோ ஒரு கருத்தரங்கில் கேட்டேன், பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கணினி அறைக்குப் போய் எக்ஸெலைத் திறந்தேன். முந்தைய நான்கு எண்களைக் கூட்டி அடுத்த எண்ணை எழுதிக்கொண்டு நூறு வரி இறங்கும் கணக்கு அது. பெரிய கஷ்டமில்லை. உயர்தர மாணவருக்கே கொடுக்கலாம். விடை வந்தது. ஒழுங்காகச் சுண்டுகிறவர்களிலும் நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு ஐந்து தொடர்ச்சி வராது.

மூன்றுதானே என்று முதலில் பெருமூச்சு விட்டேன். கூட வேலை செய்த சிவபாதம் சேரிடம் காட்டினேன். அவரும் கணிதம்தான்.

"பிறகென்ன? தொண்ணூற்றேழு வீதம் பொய். விசாரணையில இதச் சொல்லுங்கோ."

"வகுப்பில முப்பத்தைஞ்சு பேர் ஐசே. எல்லாரும் ஒழுங்காச் சுண்டினாலும் அதில சராசரியா ஒருத்தர் இப்பிடி வருவார்."

"அப்ப அந்த ஏழில ஒண்டு உண்மைத் தாள். ஒருத்திதான் இல்லையெண்டு சொல்லுறா. அவாதான் அந்த ஒண்டு. கணக்குச் சரியாப் போச்சு!"

"நல்லாப் பொய் சொல்லத் தெரிஞ்சவையும் இல்லையெண்டுதான் சொல்லுவினம்."

"அப்ப பொய்யெண்டே வையுங்கோ."

இந்த மனிதரோடு கதைத்து என் குழப்பம் இரண்டு மடங்கானது. தொண்ணூற்றேழு என்பது உண்மையாகச் சுண்டியவரின் தாளில் தொடர்ச்சி இருப்பதற்கான அளவு. தொடர்ச்சி இல்லாத தாள் பொய்யாக இருப்பதற்கான அளவு வேறு. இதைத்தான் நான் வருடா வருடம் நிபந்தனை நிகழ்தகவில் படிப்பித்தேன். தம்பலகாமத்தில் யானை வந்தால் வேலி முறியும். வேலி முறிந்து கிடந்தால் யானைதான் வந்தது என்று சொல்லலாமா? உழவு இயந்திரம் திருப்பும்போதும் முறிந்திருக்கலாம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு எழுதுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு படிப்பித்தேன். என் சொந்த வேலி முறிந்தபோது நேரே யானையைத் தேடி ஓடியிருக்கிறேன்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க வகுப்பில் எத்தனை பேர் சுண்டாமல் எழுதுவார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு என்னிடம் இருந்தது எழும்பியவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். அதை வைத்துக் கணக்கைத் தொடங்கினால் அது பொய் என்ற பக்கமே போனது. சரி என்று கடதாசியை மடித்தால் மனம் கேட்கவில்லை. செவ்வாயும் புதனும் இப்படியே போயின. வீட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணீர் எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

புதன் மத்தியானம் றிஸ்னா தாளோடு வந்தார்.

"சேர், இதுல ரெண்டு எடத்துல வெட்டியிருக்கு. பாத்தீங்களா?"

பார்த்தேன். முப்பதுக்குப் பக்கத்தில் ஒன்று, எண்பது தாண்டி ஒன்று.

"காசு உருண்டு அலுமாரிக்குக் கீழ போயிட்டு. அத எண்ணுறதா இல்லையா எண்டு தெரியல்ல. வெட்டிட்டுத் திரும்பச் சுண்டின. பொய்யா எழுதுற ஆள் இத ஏன் சேர் வெட்டணும்?"

நியாயமான கேள்வி. உண்மை போலத் தெரிய வேண்டும் என்றும் வெட்டலாம் என்று மனதின் மறுபக்கம் சொன்னது. என்ன மாதிரியான மனிதனாகிவிட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"வீட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல சேர். நியமனம் வருமெண்டு உம்மா சாரியும் எடுத்து வெச்சிட்டா. என்னெண்டு சொல்ற?"



4. ஓமா இல்லையா

வியாழக்கிழமை விசாரணையில் பீடாதிபதியும் உப பீடாதிபதி ஒருவரும் இருந்தார்கள். றிஸ்னா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உப பீடாதிபதி நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சேர், இது பொய்த் தரவா? ஓமா இல்லையா?"

"தெரியாது."

"தெரியாதோ? நீங்கள்தானே எழுதினீங்கள்?"

"ஓம். எழுதேக்க தெரியுமெண்டு நினைச்சனான்."

"சரி, பத்துக்கு எத்தினை எண்டாவது சொல்லுங்கோ."

"அதுவும் சொல்லேலாது. அதுக்கு வேண்டிய தகவல் என்னட்ட இல்ல."

அவர் பேனையை மேசையில் போட்டார். "இருபது வருசமா நிகழ்தகவு படிப்பிக்கிற ஆள் கதைக்கிற கதையா இது?" இதற்கு நல்ல பதில் ஒன்று எனக்கு மறுநாள்தான் தோன்றியது. அதனால் என்ன பிரயோசனம்.

பீடாதிபதி கோப்பை என் பக்கம் தள்ளினார். "தெரியாததை எழுதேலாது சேர். வெட்டிக் கையொப்பம் வையுங்கோ." வெட்டினேன். கையொப்பமும் திகதியும் வைத்தேன். றிஸ்னாவின் தாள் அப்படியே ஏற்கப்பட்டது. அவருடைய பெயர் பட்டியலுக்குப் போகும் என்று அங்கேயே சொன்னார்கள்.

வெளியே வந்ததும் ஒரு நன்றியாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதற்கு நன்றி என்று எனக்கு உறைக்கவே இல்லை.

"சேர், நீங்க இப்ப என்னை நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்று சொல்லிவிட்டிருக்கலாம். சொல்ல வரவில்லை. "தெரியாது பிள்ளை. பொய்யெண்டு எழுதினது பிழை. அது மட்டும் தெரியும்."

அவர் முகம் சுருங்கியது.

"அப்ப அத வகுப்புல சொல்லுங்க சேர். அங்கதானே எல்லாரும் சிரிச்ச."

5. தரவு அல்லாதது

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை. கணக்கைக் கரும்பலகையில் முழுதாகப் போட்டேன். நூறுக்கு மூன்று, முப்பத்தைந்துக்கு ஒன்று. பிறகு சொன்னேன்: "றிஸ்னாவின்ர தாள் பொய்யெண்டு சொன்னது என்ர பிழை. உங்களுக்கு முன்னால சொன்னனான். உங்களுக்கு முன்னாலயே மன்னிப்புக் கேக்கிறன்." ஒருவரும் சிரிக்கவில்லை. வெண்கட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தம்பலகாமத்துப் பையன், அன்று எழும்பிய ஆறு பேரில் ஒருவன்.

"சேர், நானும் சுண்டினனான்."

"என்ன?"

"நூறு தரமும் சுண்டினனான் சேர்."

"பிறகேன் அண்டைக்கு எழும்பினீங்கள்?"

"நீங்கள் பேர் கூப்பிட்டீங்கள். எல்லாரும் சிரிச்சாங்கள். இல்லையெண்டு சொன்னா ஆர் நம்பப்போறது? திருப்பிச் சுண்டினாச் சரிதானே எண்டு எழும்பிட்டன்."

அவனுக்கு முன்னால் இருந்த இன்னொரு பிள்ளையும் மெல்லக் கையை உயர்த்தினார். அவரும் அன்று எழும்பியவர். ஏழில் மூன்று. ஒன்று என்பது சராசரிதான், மூன்றும் வரலாம். அல்லது இந்த இரண்டு பேரும் இப்போதுதான் பொய் சொல்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவும் எனக்கு வழி தெரியவில்லை.

றிஸ்னா என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி அந்தப் பையனைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. குரலில் கோபம்தான் இருந்தது.

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் தனிய இருந்திருக்க மாட்டன்தானே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிய வேண்டியவன் அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

இதைப் படிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள், தொடர்ச்சியையும் எண்ணிக் காட்டுங்கள், அது நல்ல பாடம். பெயரை மட்டும் கூப்பிடாதீர்கள். பயந்து எழும்பி நிற்கிற பிள்ளையை ஆதாரமாக எண்ணாதீர்கள், அது தரவு அல்ல. என்னிடம் இருபது வருடத்துத் தரவு அப்படித்தான் சேர்ந்தது. அவர்களில் எத்தனை பேர் உண்மையாகச் சுண்டிவிட்டு, எல்லோரும் சிரிக்க, பொய்யென்று ஒத்துக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லோரும் இப்போது எங்கெங்கோ பள்ளிக்கூடங்களில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.