அரளி செருகிய கேக்

தங்கையின் கல்யாண விருந்துக்கு நானே கேக் செய்தேன். கடையில் சொன்ன விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் ஃபிளாட்டில், கிரீம் பூசிய இரண்டு அடுக்குகளையும் தனித்தனித் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, கோயில் வாசலில் மலிவாக வாங்கிய அரளியை அண்ணி சின்ன அடுக்கு முழுக்கச் செருகியிருந்தார். ஒடிந்த காம்புகளிலிருந்து பிசுபிசுவென்று சாறு கிரீமில் வடிந்தது. பூச்சிமருந்து நாற்றம் வேறு. ஒரு பூவுக்குள்ளிருந்து புழு நெளிந்து வந்தது.

“அண்ணி, அரளி விஷம். சாப்பிடுற பொருள்லயா வைப்பீங்க?”

“பூவை யாரு சாப்பிடப் போறா? எடுத்துட்டு வெட்டுனா ஓகேலா,” என்றவர், புழுவைக் கிரீமோடு விரலால் வழித்துத் தன் கைலியில் துடைத்துக்கொண்டார்.

அந்த அடுக்கை அப்படியே குப்பையில் போட்டேன். பெரிய அடுக்கை அவர் இன்னும் தொடவில்லை. மருந்தடிக்காமல் தொட்டியில் வளர்த்த என் ரோஜாக்களைக் கழுவித் துடைத்து, காம்பு கிரீமில் படாதபடி கேக் சுடும் தாளை வட்டமாக வெட்டி மேலே விரித்து, அதன்மேல் அடுக்கினேன்.

மண்டபத்தில் எல்லோரும் கேக்கைப் படமெடுத்தார்கள். “பூ அலங்காரம் நான்தான்,” என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை எனக்கு ஒரு துண்டு ஊட்ட வந்தாள். அண்ணி கைலியில் துடைத்த புழுவும் கிரீமும்தான் கண்முன் வந்தன; வயிறு சரியில்லை என்று சொல்லி, வெந்நீர் மட்டும் வாங்கிக் குடித்தேன்.