அலை வர நேரமாகும்

ஜஸீமா ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பச்சைக் குழந்தையின் குதிகாலை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிய பிறகுதான் ஊசி தொடுவாள்.

மோகனப்ரியாவின் குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. கிருமித் தொற்றோ என்று டாக்டருக்குச் சந்தேகம். தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி., காலையில் குறைவாகத்தான் இருந்தது. மாலையில் மறுபடி ரத்தம் எடுக்க வந்த ஜஸீமாவை, விசைப்படகில் போகும் அப்பன் டில்லிபாபு மறித்தான்.

"நல்லாகீதுன்னுதானே சொன்னே? மறுபடி இன்னாத்துக்குக்கா குத்துற? புள்ள இன்னா மீனா?"

"கிருமி வந்தவொடனே ரத்தத்துல தெரியாது நைனா. ஏற நேரமாவும்."

அவன் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான். "தூரத்துல காத்தடிச்சா, அல இங்க வந்து சேர ஒரு பொழுதாவும். அப்டியா?"

"அப்டியேதான்."

குழந்தையின் காலை அவனே பிடித்துக்கொண்டான்.

கூடத்தில் கருவி மெல்ல முனகியது. அந்தச் சத்தத்தில் ஜஸீமாவுக்கு எப்போதும் ஒரு கடல் தெரியும். பெயர் வைக்காத குழந்தைகள் அதில் சின்னப் படகுகளாய் மிதப்பார்கள். எண் வந்தது. இப்போதும் ஏறவில்லை.

வெளியே டில்லிபாபு எழுந்து நின்றான். "அல வந்துச்சாக்கா?"

"வரல. கடல் தூங்கிக்கினு கீது."

அப்போது வார்டுக்குள் குழந்தை பசியில் வீறிட்டது.