சாயக்காரம்மா சுவரை விசாரித்த கதை

சாயக்காரம்மாவின் வீட்டுக்கு வயது நாற்பத்திரண்டு. சாயக்காரம்மாவுக்கும் அதேதான். ஆனால் பராமரிப்புச் செலவில் வீடு அவரை எப்போதோ முந்திவிட்டது. அவருக்கு மாதம் ஓர் அட்டை தலைவலி மாத்திரை போதும். வீடு மூட்டை மூட்டையாகச் சிமென்ட் கேட்டது.

மேஸ்திரி மாடிக் குளியலறைக்குப் புதுக் குழாயும் டைல்ஸும் போட்டுக் கொடுத்த சில மாதங்களில், கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மேஸ்திரியையே கூப்பிட்டார்கள். சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பூச்சு போயிடுச்சுக்கா" என்றார். கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினார். ஈரம் இரண்டு மாதம் லீவில் போய்விட்டு, குடும்பத்தோடு திரும்பி வந்தது.

"அப்ப மொட்டை மாடிதான்" என்றார் மேஸ்திரி.

மாடி முழுக்கத் தார் பூசினார்கள். அந்த ஆண்டு மகளுக்குக் கட்டவேண்டிய பல் கம்பியும், கணவருக்கு வரவேண்டிய பைக்கும் மொட்டை மாடிக்கே போய்ச் சேர்ந்தன. ஈரம் மட்டும் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது முறை மேஸ்திரி சுவரைத் தட்டக்கூட இல்லை. அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஸ்லாபே போச்சுக்கா. கூரையை மொத்தமா உடைச்சுட்டுப் புதுசா போடணும்."

அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் கணவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். பேருந்து ஓட்டுநர், எந்த நெரிசலிலும் நிதானம் இழக்காதவர். அவரையே அந்தச் சுவர் ஜெயித்துவிட்டது. அன்றே அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் அடுக்ககத்தில் நாலாவது மாடியில் இருப்பவர். பழைய வீட்டுக்காரர்களைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்க வந்தவர்போல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"ஞாயித்துக்கிழமை புரோக்கரைக் கூட்டிட்டு வரேன்டா. வீட்டை வித்துடு. அட்வான்ஸ் வாங்கிக்கோ, தலைவலி விட்டுச்சு. எங்க பில்டிங்ல ஒரு வீடு காலியா இருக்கு."

தலைவலி கணவருக்கு விடும். சாயக்காரம்மாவின் அடுப்பும் இரண்டு அண்டாக்களும் இந்த வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தன. வெளுத்த துணிக்கு நிறம் ஏற்றுவதும், தையல்காரர்கள் கொண்டுவரும் லைனிங் துணியை மேல்துணியின் நிறத்துக்குக் கொண்டுவருவதும் அவர் தொழில். பதினெட்டு வருஷப் பழக்கம். நாலாவது மாடி பால்கனியில் அண்டா கொதித்தால் கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்.

"அங்க போய் நான் என்னங்க பண்றது?"

"ரெஸ்ட் எடு."

ஒருத்தியின் தொழிலை அடக்கம் செய்ய இதைவிட மரியாதையான சொல் கிடையாது.

வியாழக்கிழமை அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு துணியில் வேண்டாத நிறம் ஏறிவிட்டால், அவர் கறையைக் கசக்கிக்கொண்டு நிற்கமாட்டார். எந்தத் துணி சாயம் விட்டது என்று தேடுவார். மேஸ்திரியோ மூன்று வருஷமாகக் கறையைத்தான் கசக்கிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறாய் என்று தண்ணீரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டுவிட்டார். மொட்டை மாடி வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, சிவப்புச் சாயத்தைக் கரைத்தார். சமையலறைத் தொட்டியில் பச்சை. மாடிக் குளியலறையில் வாளி வாளியாக நீலம். மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவர் மேலயும் ஒரு கலர் ஊத்தவேண்டி வரும். நீ போய்ப் படி."

வெள்ளிக்கிழமை சுவர் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. மாடியில் தேங்கி நின்ற சிவப்பைப் பார்த்த கணவர், "விக்கிற வீட்டுக்கு மேக்கப்பா?" என்று கேட்டுவிட்டு டூட்டிக்குப் போனார். சாயக்காரம்மா இன்னும் மூன்று வாளி நீலம் ஊற்றினார்.

ஞாயிறு காலை அண்ணன் வந்தார். புரோக்கர் வந்தார். வீடு எவ்வளவு மோசம் என்று சொல்லி விலையைக் குறைக்க, புரோக்கர் மேஸ்திரியையும் கூட்டிவந்திருந்தார். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்த கணவரையும் சேர்த்து நான்கு ஆண்களும் கூடத்தில் நுழைந்து அப்படியே நின்றார்கள்.

வெள்ளைச் சுவரின் நடுவே நீலம் பளிச்சென்று இறங்கியிருந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. பச்சையும் இல்லை.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன்.

"சாட்சி, மாமா. நீலம் நான் ஊத்துனது மாடி பாத்ரூம்ல மட்டும்தான். ஸ்லாப் மேல ஊத்துனது சிவப்பு, அது மாடியிலயே நிக்குது. மேஸ்திரி, அந்த பாத்ரூம் குழாயைப் போட்டது யாரு?"

மேஸ்திரி மறுபடியும் அண்ணாந்து ஸ்லாபைப் பார்த்தார்.

சாயக்காரம்மாவே சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். குளியலறை மூலையில் ஒரே ஒரு டைல்தான் உடைந்தது. உள்ளே குழாய் வளையும் இடத்தில் இருந்த எல்போ, ஆடுகிற பல் மாதிரி மேஸ்திரியின் கையோடு வந்துவிட்டது. சும்மா செருகி வைத்திருந்தார், பசையே போடவில்லை.

"அவசரத்துல மறந்திருக்கும்க்கா."

"மறந்தது நீங்க. ஸ்லாபை உடைக்கிறது நாங்களா?"

கணவர் அந்த எல்போவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சின்னச் சாமானுக்கா வீட்டையே கொடுக்க இருந்தோம் என்ற யோசனை அவர் முகத்தில் மெதுவாக ஓடியது.

"அண்ணே, வீடு விக்கல."

"டேய், இருந்தாலும் பழைய வீடுடா..."

"பழசுதான். ஆனா ஆள் கெட்டி."

வீட்டைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா என்று சாயக்காரம்மா கேட்கவில்லை. இரண்டையும் தானே எடுத்துக்கொண்டார். புரோக்கர் பையை மூடினார். அண்ணன், வந்தது வந்தாச்சு என்று காபி கேட்டார்.

மேஸ்திரி கூலி வாங்காமல் புது எல்போ மாட்டி, பசையை இரண்டு முறை தடவி, சாயக்காரம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் புது டைலை ஒட்டினார். கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார்.

"அக்கா, அடுத்த தெருவுல ஒரு வீடு. நாலு தடவை பூசிட்டேன், ஈரம் நிக்கமாட்டேங்குது. ஒரு எட்டு வந்து கலர் ஊத்திப் பாக்குறீங்களா?"

"வரேன். எனக்குக் கூலி தனி. சாயத்துக்கும் தனி."

"சரிக்கா."

"அந்த வீட்டுக் குழாயைப் போட்டது யாரு?"

மேஸ்திரி தன் பூச்சுக் கரண்டியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையில்தான் இருந்தது.