பழைய ஜெர்மன் காரும் ஐயாயிரம் வெள்ளி வரம்பும்

என் காருக்கு இருபத்தோரு வயது. ஜெர்மன் தயாரிப்பு, இரண்டாயிரத்து அறுநூறு சிசி, கறுப்பு. எட்டு வருடங்களுக்கு முன், பத்திரிகை வேலையை விட்ட மாதத்தில், ஜுருவில் பழைய கார் விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் ஹோட்டல் வாசல்களில் நின்று, இதே மாதிரிக் கார்களிலிருந்து யார் யார் இறங்குகிறார்கள் என்று குறிப்பெடுத்தவன் நான். அந்தக் கதவுகள் சாத்தும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வேறு பெரிய காரணம் கிடையாது.

வாங்குவது சுலபம். முதல் சொந்தக்காரர் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்குதான் நான் கொடுத்தேன். ஆனால் காரின் விலைதான் இறங்குகிறது, அதன் பாகங்களின் விலை இறங்குவதில்லை. இது புரியாதவர்கள்தான் ஒரே வருடத்தில் விற்றுவிட்டுப் புலம்புகிறார்கள். ரோட் டேக்ஸ் இன்ஜின் அளவை வைத்துப் போடுவது, காரின் வயதைப் பார்க்காது. எனக்கு வருடத்துக்கு ஆயிரத்து நூறு வெள்ளிக்கு மேல். பக்கத்தில் நிற்கும் என் மனைவியின் சின்னக் காருக்கு இருபது வெள்ளி.

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை. செய்தியை இரண்டு இடத்தில் கேட்டு உறுதி செய்வது போல, பழுதையும் இரண்டு இடத்தில் கேட்பேன். ரப்பர், எண்ணெய், பிரேக் இவற்றைப் புதிதாகத்தான் வாங்குவேன். மற்றவற்றுக்கு, வெளிநாட்டில் கழித்த கார்களை வெட்டிக் கொண்டுவந்து பாகம் பாகமாக விற்கும் பொத்தோங் கடைகள் இருக்கின்றன. இப்படி எட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். சராசரியாக வருடத்துக்கு நாலாயிரம் வெள்ளி. நண்பர்கள் புதுக் காருக்குக் கட்டும் தவணையைவிட இது குறைவு என்பதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வீர்கள் என்பாள் மனைவி.

அவளுக்கு இந்தக் கார் பிடிக்காது. அதனால் ஆரம்பத்திலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: ஒரே பில் ஐயாயிரம் வெள்ளியைத் தாண்டினால் காரை விற்றுவிட வேண்டும். வரம்பைச் சொன்னவன் நானே.

போன வருடம் அந்த நாள் வந்தது. தாசேக் கெலுகோரில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. பெரிய சாலையில் ஏறியதும் கார் இரண்டாவது கியரைத் தாண்ட மறுத்தது. இன்ஜின் அலறியது, வேகம் ஏறவில்லை. எங்கள் வீடு இருக்கும் தீவுக்குப் போகும் பாலத்தில் மீன் லாரிகூட எங்களை முந்திப் போனது.

"இதுக்குத்தான் வருஷத்துக்கு ஆயிரத்து நூறு கட்டுறீங்களா?" என்றாள்.

மறுநாள் தீவிலேயே, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். குளிர்சாதன அறை, இலவசக் காப்பி. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்த முதலாளி, கியர் பாக்ஸ் போய்விட்டது, ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஜுருவில் கார் விற்ற அதே ஆளின் எண்ணைத் தேடி எடுத்து என்னிடம் கொடுத்தாள். அவரை அழைத்தேன். கியர் நன்றாக இருந்தால் பன்னிரண்டாயிரம், இல்லையென்றால் ஆறாயிரம் என்றார்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். காரை அணைத்து மறுபடி கிளப்பினால் கொஞ்ச தூரம் எல்லாக் கியரும் ஒழுங்காக விழுந்தன. பிறகுதான் மறுபடி இரண்டாவதில் நின்றது. தேய்ந்துபோன கியர் பாக்ஸ் அப்படிச் செய்யாது. இரண்டாவது ஆளாக, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் இருக்கும் என் வழக்கமான மெக்கானிக்கைக் கேட்காமல் விற்க மாட்டேன் என்றேன். அவளோ, நானும் கூட வருவேன், மெக்கானிக் அதையே சொன்னால் அங்கிருந்து நேரே விற்பவரிடம் போக வேண்டும் என்றாள். சரி என்று, அன்றைக்கே வந்தாலும் வருவோம் என விற்பவரிடமும் சொன்னேன்.

அந்த மெக்கானிக்கிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியில்தான் எடுப்பார். ஐம்பது வயதுக்காரர். கியரை முன்னும் பின்னும் நாலு தரம் தள்ளினார். குனிந்து மோந்தார். பிறகு கியரைச் சுற்றியிருந்த மரப் பலகையைக் கழற்றி, அடியிலிருந்து உள்ளங்கை அளவு மின் பலகை ஒன்றை வெளியே எடுத்தார். அதன் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"அண்ணே, கியர் பாக்ஸ் நல்லாத்தான்லா இருக்கு. இதுதான் அதுக்கு மூளை. யாரு இதுக்கு அபிஷேகம் பண்ணது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் ஆயுத பூசை. வழக்கம்போல நான் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். உள்ளே பொட்டு வைப்பது அவள் வேலை.

"நான்தான்" என்றாள். "ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைக்கிறோம், கியரச் சும்மா விட்டா நல்லாவா இருக்கும்? சந்தனத்த எளநியில கரைச்சு மூணு தரம் ஊத்துனேன்."

"அக்கா, எங்க வீட்டுல சாமிக்கே ரெண்டு தரந்தான்."

"விக்கிறதா இருந்தாலும் நல்லபடியா விக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். தப்பா?"

"வேண்டுதல்ல தப்பில்லக்கா. எளநிதான் தப்பு."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் இருந்தேன், அது அவ்வளவு சுலபமாக இல்லை. தீவில் இருந்தவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பத்திரிகைக் குறிப்பை வாங்கி அப்படியே எழுதிக் கொடுக்கும் நிருபரைப் போல, கம்ப்யூட்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். மூடியைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பொத்தோங் கடையில் அதே பலகை நானூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைத்தது. கூலி நூற்றைம்பது. மதியத்துக்குள் வேலை முடிந்தது. "தொண்ணூறுல ஓட்டிப் பாருங்கண்ணே. மறுபடி ரெண்டுல நின்னா, காசு வேணாம்" என்றார் மெக்கானிக்.

சாவியை நான் வாங்குவதற்குள் மனைவி கையை நீட்டினாள். எட்டு வருடத்தில் அவள் அந்தக் காரை ஓட்டியதே இல்லை.

"கெடுத்தது நான். நானே ஓட்டிப் பாத்துக்கிறேன்."

இருக்கையை முன்னால் இழுக்கும் பொத்தான் எங்கே என்று கேட்டாள். கதவில் என்றேன். கதவில் எதற்கு என்று எரிந்து விழுந்தாள். பாலத்தில் ஏறியபோது இரண்டு, மூன்று, நாலு என்று கியர்கள் விழுவது கேட்காமலே நடந்தது. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு சிமெண்ட் லாரியை முந்தினாள். இன்னொன்றையும் முந்தினாள், அதற்கு அவசியமே இல்லை.

பாதிப் பாலத்தில் என் தொலைபேசி அடித்தது. கார் விற்பவர். எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்றார். தொலைபேசியை மூடிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு சொல்லுங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படியே சொன்னேன்.

"அண்ணே, அடுத்த வருஷம்னா வெல இன்னும் கொறையும்லா" என்றார் அவர்.

தெரியும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.